சிவா நடந்த மண்: பாப்பாரப்பட்டியிலிருந்து கோபாலபுரம் வரை

முதல் நாள்: தருமபுரி, பாப்பாரப்பட்டி

விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவின் தடம் தேடிப் போகும் ஐந்து நாள் பயணம் இது. தருமபுரி பேருந்து நிலையத்தில் ஏறும் முன் போர்டை ஒன்றுக்கு இரண்டு முறை படித்துவிடுங்கள். இந்த மாவட்டத்தில் பாப்பாரப்பட்டியும் உண்டு, பாப்பிரெட்டிப்பட்டியும் உண்டு. முதலாவது தருமபுரிக்கு வடமேற்கே, பென்னாகரம் வட்டத்தில். மற்றது நேர் எதிர்த்திசையில், அரூர்ப் பக்கம். வெளியூரிலிருந்து வருபவர்கள் அவசரத்தில் மாறி ஏறிவிட்டால் அரை நாள் போச்சு. செல்போனில் வழி தேடும்போதும் இதே வம்புதான். முதல் இரண்டு எழுத்தைத் தட்டியதும் மேலே வரும் பெயரைத் தொட்டுவிடுவார்கள். "சிவா மண்டபம் போற பஸ்ஸாண்ணா?" என்று கேட்டுவிட்டு ஏறினால் பிரச்சினையே இல்லை.

தூரம் சுமார் 17 கிலோமீட்டர். டவுன் பஸ் நின்று நின்று போவதால் முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. காரில் வந்தால் அரை மணியில் வந்துவிடலாம், ஆனால் இந்தப் பயணத்துக்கு பஸ்தான் பொருத்தம். காரணம் மூன்றாம் நாள் குறிப்பில் வரும்.

சுப்பிரமணிய சிவாவின் சமாதி பாப்பாரப்பட்டியில் இருக்கிறது. அரசு எழுப்பிய மணிமண்டபமும் அங்கேயே. பராமரிப்பு அரசுடையது என்பதால் அலுவலக நேரத்தைக் கணக்கில் வைத்துப் போவதே பத்திரம். காலை 10 மணிக்கு மேல், மாலை 5-க்குள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பூட்டியிருந்தால் கோபித்துக்கொண்டு திரும்பிவிட வேண்டாம். அக்கம்பக்கத்துக் கடையில் கேட்டால் சாவி யாரிடம் என்று சொல்லிவிடுவார்கள்.

பிறந்தது வத்தலக்குண்டு, 1884 அக்டோபர் 4. இறந்தது இங்கே, 1925 ஜூலை 23. கழித்துப் பார்த்தால் நாற்பது வயதும் ஒன்பது மாதமும். படத்தில் இருக்கும் தாடியையும் தளர்ந்த உடம்பையும் பார்த்துவிட்டு, எழுபது வயது சாமியார் என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தண்டனை வாங்கியபோது அவருக்கு 23 வயதுதான். இந்த ஊருக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர்கள் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்: கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கும் உங்கள் அண்ணன் வயது.

என்ன குற்றத்துக்காக உள்ளே போனார் என்று கேட்டால் "வெள்ளைக்காரனை எதிர்த்தார்" என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். வழக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால்தான் அவருடைய உறுதி எப்படிப்பட்டது என்று தெரியும்.

திருவனந்தபுரத்தில் மேடை போட்டுப் பேசி, திருவிதாங்கூர் சமஸ்தானத்தை விட்டே வெளியேற்றப்பட்டவர் சிவா. கால்போன போக்கில் பேசிக்கொண்டே தூத்துக்குடி வந்து சேர்ந்தார். அங்கே வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-இலேயே சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியிருந்தார். வ.உ.சி. அவரைத் தன் வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்டார். இருவரும் மேடையேறினார்கள். 1908 பிப்ரவரி 27-ஆம் தேதி தூத்துக்குடி கோரல் மில் என்ற நூற்பாலையின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. மார்ச் 9-ஆம் தேதி வங்கத் தலைவர் விபின் சந்திர பாலின் விடுதலை நாளைக் கொண்டாடினார்கள். மார்ச் 12-இல் கைது. மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள்.

வழக்கு அந்தக் கலவரத்துக்காகப் போடப்பட்டதல்ல. சிவா மீதான குற்றச்சாட்டு முழுக்க முழுக்க அவருடைய பேச்சு. இந்தியத் தண்டனைச் சட்டம் 124ஏ, அதாவது ராஜ துவேஷம். குண்டு, துப்பாக்கி, கொள்ளை எதுவும் அதில் கிடையாது. வ.உ.சி. மீது இன்னொன்று கூடுதலாகச் சேர்ந்தது: சிவாவுக்கு உடந்தையாக இருந்தது. ராஜ துவேஷம் பேசியவனுக்கு இடமும் சாப்பாடும் கொடுத்ததே குற்றமாகிவிட்டது. ஒரு விருந்தாளிக்காக ஆயுள் தண்டனை வாங்கியவர் என்று வ.உ.சி.யைச் சொன்னாலும் தப்பில்லை.

1908 ஜூலை 7-ஆம் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள். சிவாவுக்குப் பத்தாண்டு நாடுகடத்தல். 124ஏ பிரிவு நீதிபதிக்குக் கொடுத்த வரம்பு மிக அகலமானது. வெறும் அபராதத்தோடு விட்டிருக்கலாம், மூன்றாண்டுக்குள் சிறை வைத்திருக்கலாம், ஆயுள் முழுக்க நாடுகடத்தவும் செய்யலாம். இவ்வளவு இடைவெளி இருந்தும் கை மேலே போனதற்கு அந்த ஆண்டின் சூடு ஒரு காரணம். அதே ஜூலை 22-இல் பம்பாயில் திலகருக்கு ஆறாண்டு விழுந்தது, மாண்டலேக்கு அனுப்பினார்கள். ஆகஸ்ட் 11-இல் முசாபர்பூரில் பதினெட்டு வயது குதிராம் போஸைத் தூக்கிலிட்டார்கள்.

மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் சிவாவின் பத்தாண்டை ஆறாகக் குறைத்தது. வ.உ.சி.யின் தண்டனையும் குறைந்தது. மேடைப் பேச்சுகளில் அடிக்கடி கேட்கும் ஒரு தவறை இங்கேயே திருத்திவிடலாம்: இருவரில் ஒருவரும் அந்தமான் போகவில்லை. வ.உ.சி. கோவையிலும் கண்ணூரிலும் கிடந்தார். சிவா திருச்சியிலும் சேலத்திலும். 1912 நவம்பரில் சிவா வெளியே வந்தார். வரும்போது உடம்பில் குஷ்டம் இருந்தது.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் மதியத்தில் களி கிடைத்தால் விடாதீர்கள். கேழ்வரகுக் களிக்குக் கீரைக் கடைசலோ நாட்டுக்கோழிக் குழம்போ. சூடாக இருக்கும்போதே கையை நனைத்து உருட்டி, மெல்லாமல் விழுங்க வேண்டும். ஆறினால் இறுகிப்போய்த் தொண்டையில் நிற்கும்.

இரண்டாம் நாள்: பாரதபுரம்

வத்தலக்குண்டுக்காரர், தூத்துக்குடியில் பேசியவர், சென்னையில் பத்திரிகை நடத்தியவர் ஏன் இங்கே வந்தார்? தருமபுரி அன்று தனி மாவட்டம் அல்ல. சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி. 1965 அக்டோபர் 2-இல்தான் பிரிந்தது. சேலம் ஜில்லாவின் இந்த மூலையில் அவருக்கு நண்பர்கள் இருந்தார்கள். அவர்கள் உதவியில் ஆறு ஏக்கர் நிலம் கிடைத்தது. அந்த இடத்துக்குப் பாரதபுரம் என்று பெயர் வைத்தார். பாரத மாதாவுக்கு ஒரு கோயில் கட்டுவது, எந்தச் சாதிக்காரரும் எந்த மதத்துக்காரரும் உள்ளே வந்து கும்பிடுவது என்பது திட்டம்.

1923-இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் இங்கே வந்து அடிக்கல் நாட்டினார். இதன் கனத்தை உணர அந்த ஆண்டின் காங்கிரஸ் சண்டை தெரிந்திருக்க வேண்டும். சட்டசபைக்குள் போகலாமா கூடாதா என்று கட்சியே இரண்டாகப் பிளந்து கிடந்தது. போகலாம் என்ற தாஸும் மோதிலால் நேருவும் 1923 ஜனவரியில் சுயராஜ்யக் கட்சியைத் தொடங்கினார்கள். போகக்கூடாது என்றவர்களின் தலையாய குரல் இதே சேலத்து வக்கீல் ராஜாஜி. அவருடைய கோட்டைக்குள்ளேயே தாஸைக் கொண்டுவந்து நிறுத்தி ஒரு கல் நட வைத்தார் சிவா. அரசியலில் இவர் யாருக்கும் பணிந்த ஆள் இல்லை. நோய் வந்த பிறகும் அப்படித்தான்.

காசியில் பாரத மாதா கோயிலை காந்தி திறந்துவைத்தது 1936-இல். பாப்பாரப்பட்டிக் கல் அதற்குப் பதின்மூன்று ஆண்டு மூத்தது. ஆனால் கல்லுக்கு மேல் சுவர் எழும்பவில்லை. காரணங்களைத் தேட வேண்டியதே இல்லை. பணம் திரட்ட அவரே ஊர் ஊராகப் போக வேண்டும், போவதற்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1925 ஜூன் 16-இல் தாஸ் டார்ஜிலிங்கில் இறந்தார். முப்பத்தேழு நாள் கழித்து சிவாவும் போய்ச் சேர்ந்தார். கல் நாட்டியவரும் நாட்ட வைத்தவரும் ஆறு வாரத்துக்குள் இல்லாமல் போனால் கட்டிடத்தை யார் எழுப்புவது?

அரசு கட்டிய பாரத மாதா நினைவாலயம் அண்மைக் காலத்தில்தான் வந்தது. ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து. மணிமண்டப வளாகத்திலேயே இருக்கிறது. தேங்காய், கற்பூரம் வாங்கிக்கொண்டு போகிறவர்களைக் கோயில் என்ற பெயர் ஏமாற்றிவிடுகிறது. இது நினைவிடம், பூசை நடக்கும் சன்னதி அல்ல. பூ கொண்டுபோவதாக இருந்தால் சமாதியில் வையுங்கள்.

மாணவர்களை அழைத்து வருபவர்களுக்கு ஒரு வழிமுறை. நாற்பது பேரை ஒரே கும்பலாக உள்ளே விட்டால் பின்னால் நிற்பவர்களுக்கு ஒன்றும் காதில் விழாது. பத்துப் பத்துப் பேராகப் பிரியுங்கள். ஒரு குழு சமாதியில், ஒன்று மண்டபத்தில், ஒன்று நினைவாலயத்தில், ஒன்று வெளியே மர நிழலில். கால் மணிக்கு ஒருமுறை மாற்றினால் ஒரு மணி நேரத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். நிழலில் இருக்கும் குழுவுக்கு ஒரு கணக்குக் கொடுங்கள். ரயிலில் ஏறவிடாததால் சிவா கடைசிக் காலத்தில் ஊர் ஊராக நடந்தே திரிந்தார் என்பார்கள். மதுரையிலிருந்து பாப்பாரப்பட்டி 300 கிலோமீட்டருக்கு மேல். நாளுக்கு 20 கிலோமீட்டர் நடந்தால் எத்தனை நாள்? பதினைந்து நாளைத் தாண்டும். அதையே குஷ்டம் வந்த காலோடு நடந்தால்? இந்த இடத்தில் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அதற்கு மேல் ஆசிரியர் எதுவும் விளக்க வேண்டியதில்லை.

குடிதண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டராவது கொண்டு வாருங்கள். ஆடி மாதமாக இருந்தால் காற்று தூக்கும். தொப்பியைவிடத் துண்டு நல்லது.

மூன்றாம் நாள்: பாலக்கோடு, ஓடிப்போன ரயில்

பாப்பாரப்பட்டியிலிருந்து வடக்கே பாலக்கோடு சுமார் 13 கிலோமீட்டர். பஸ் உண்டு. தக்காளி வரத்து உள்ள நாளில் சந்தைப் பக்கம் வண்டிகள் அடைத்துக்கொண்டு நிற்கும். காலை எட்டு மணிக்கு முன்னால் ஊரைத் தாண்டிவிடுவது நல்லது.

இங்கே பார்க்க வேண்டியது ரயில் நிலையம். அழகுக்காக அல்ல. சிவாவின் கடைசி ஆண்டுகளைப் பற்றி எல்லோரும் சொல்லும் ஒரு செய்தி உண்டு: குஷ்டரோகி என்பதால் அவரை ரயிலில் ஏறவிடவில்லை, அதனால் நடந்தே திரிந்தார். அதை இந்த மண்ணில் வைத்துப் பார்க்க இந்த ஊர்தான் தோது. பாப்பாரப்பட்டியில் உட்கார்ந்துகொண்டு கேட்டால், இங்கே அன்று ரயிலே இருந்திருக்காது என்று தோன்றும். இருந்தது.

1906 ஜனவரியில் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய பாதை ஒன்று திறந்தார்கள். தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடி, அதாவது 762 மில்லிமீட்டர். நீளம் பத்தொன்பது மைலுக்குக் கொஞ்சம் குறைவு. பஞ்சக் காலத்தில் தானியம் கொண்டுபோகவும் கூலி வேலை கொடுக்கவும் என்று போட்ட பாதை. 1913-இல் அதைப் பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக ஓசூர் வரை நீட்டினார்கள். சென்னையிலிருந்து வருபவர்கள் பெரிய ரயிலில் மொரப்பூர் வந்து இறங்கி, இந்தச் சின்ன ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம். இரண்டாம் உலகப் போரின்போது, 1941-இல், தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டார்கள். இன்று ஓடும் சேலம்–பெங்களூரு அகலப்பாதை இதே ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகிறது.

ஆக, சிவா பாப்பாரப்பட்டியில் இருந்த காலத்தில் 13 கிலோமீட்டர் வடக்கேயும் 17 கிலோமீட்டர் தென்கிழக்கேயும் ரயில் கூவிக்கொண்டிருந்தது. அவர் ஏற முடியாது, அவ்வளவுதான்.

சிவாவை ஒடுக்குவதற்கென்றே வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டான் என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. தொற்றுநோய் உள்ளவரை ஏற்ற மறுக்கும் அதிகாரம் 1890-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்திலேயே இருந்தது. அப்போது சிவாவுக்கு ஆறு வயதுகூட நிறையவில்லை. 1898-இல் வந்த குஷ்டரோகிகள் சட்டம் பொதுக் கிணறு, உணவு வியாபாரம், வாடகை வண்டி என்று இன்னும் பல கதவுகளைச் சாத்த வழிசெய்தது. இது ஒருவரைக் குறிவைத்த பழிவாங்கல் என்று சொல்வதைவிட, ஊரும் சர்க்காரும் சேர்ந்து ஆயிரக்கணக்கான பேருக்குச் செய்த கொடுமை என்று சொல்வதுதான் சரி. அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருந்துகொண்டு மேடையேறியவர் சிவா. என் கண்ணுக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

இன்னொரு கதை, சேலம் சிறையில் ஆட்டு ரோமம் சுத்தம் செய்ய வைத்தார்கள், அதனால் குஷ்டம் வந்தது என்பது. ரோமத்தால் குஷ்டம் வராது. அது ஒரு கிருமி. 1873-இல் நார்வேக்காரர் ஹேன்சன் கண்டுபிடித்தது. சிகிச்சை எடுக்காத நோயாளியோடு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நெருங்கி இருந்தால், மூச்சு வழியாகத் தொற்றும். தொற்றிய பிறகு வெளியே தெரியச் சராசரியாக ஐந்தாண்டு ஆகலாம், இருபதாண்டும் ஆகலாம். பெரும்பாலானவர்களுக்கு இயற்கையிலேயே எதிர்ப்பு உண்டு, வரவே வராது. சிறையின் நெரிசலும் அரைவயிற்றுச் சோறும் கடும் உழைப்பும் இதற்கு ஏற்ற இடம்தான். ஆனால் ரோமத்தின் மேல் பழி போட்டுவிட்டால் சிறையின் மீது விழ வேண்டிய பழி குறைந்துவிடுகிறது.

குஷ்டம் வந்த பாதத்தோடு நடப்பது என்றால் என்ன என்பதைப் பலர் வலி என்றே கற்பனை செய்கிறார்கள். உண்மையில் வலி இல்லாததுதான் ஆபத்து. நரம்பு செத்துப்போவதால் உள்ளங்காலில் உணர்ச்சி போய்விடும். செருப்புக்குள் கிடக்கும் ஒரு சின்னக் கல் தெரியாது. கருவேல முள் ஏறினால் தெரியாது. நாம் ஒரு கால் வலித்தால் எடையை மற்றதற்கு மாற்றுவோம், விந்தி நடப்போம். உணர்ச்சி இல்லாதவர் அதே இடத்தை மீண்டும் மீண்டும் அழுத்துவார். பெருவிரலுக்குக் கீழே உள்ள மேடான பகுதியில் முதலில் தோல் கன்றும், பிறகு உள்ளுக்குள் நீர் கோக்கும், பிறகு உடைந்து புண்ணாகும். வியர்வையும் சுரக்காது என்பதால் குதிகால் வறண்டு பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பில் மண் ஏறிச் சீழ் பிடித்தால் எலும்பு வரைக்கும் போகும். ஓய்வு கொடுத்தால் ஆறும் புண்தான். நடப்பதை நிறுத்தாதவருக்கு ஆறாது.

இன்று இந்தக் காலுக்குச் சொல்லும் பராமரிப்பு எளிது. தினமும் சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம் ஊற வைத்து, தடித்த தோலை மெதுவாகத் தேய்த்து எடுத்து, ஈரம் காயும் முன் எண்ணெய் தடவ வேண்டும். சுடுதண்ணீர் கூடாது, சூடு தெரியாமல் வெந்துவிடும். எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். சின்ன எட்டாக, மெதுவாக நடக்க வேண்டும். இரவில் இரண்டு பாதத்தையும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். சிவாவுக்கு இதில் ஒன்றும் வாய்க்கவில்லை. நோய்க்கு உருப்படியான மருந்தே 1940-களில்தான் வந்தது. கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்தது. இப்போது ரிஃபாம்பிசின், டாப்ஸோன், குளோஃபாசிமின் அடங்கிய அட்டை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும். நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ ஒரு வருடமோ, காசில்லை. உடம்பில் உணர்ச்சியில்லாத வெளிறிய தேமல் இருந்தால் தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள். மருந்து ஆரம்பித்த சில நாளிலேயே மற்றவருக்குப் பரவுவது நின்றுவிடும்.

குஷ்டரோகிகள் சட்டம் 2016-இல்தான் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டது. குஷ்டம் இருக்கிறது என்பதைக் காட்டி விவாகரத்துக் கேட்கும் வழி 2019 வரை இருந்தது.

இந்த உடம்போடுதான் அவர் 1913-இல் 'ஞானபானு' பத்திரிகையைத் தொடங்கினார், பாரதியும் வ.உ.சி.யும் அதில் எழுதினார்கள். 1915-இல் மனைவி மீனாட்சி இறந்தார். பிறகு காவி கட்டி சுதந்திரானந்தர் ஆனார். 1921-இல் மறுபடியும் சிறை. நீதிமன்றம் கொடுத்த ஆறாண்டு கணக்குப்படி எப்போதோ தீர்ந்துவிட்டது, இந்த நோய் தீரவில்லை.

நான்காம் நாள்: இராயக்கோட்டை, தொரப்பள்ளி, கிருஷ்ணகிரி

பாலக்கோட்டிலிருந்து மாரண்டஹள்ளி வழியாக இராயக்கோட்டை. மலைக்கோட்டை ஏற விரும்பினால் காலை ஏழு மணிக்குள் தொடங்குங்கள். மேலே நிழல் குறைவு. சிவாவுக்கும் கோட்டைக்கும் சம்பந்தமில்லை என்பதால் அதை விட்டுவிடலாம்.

ஓசூர்ப் பக்கம் தொரப்பள்ளி அவசியம் போக வேண்டிய இடம். ராஜாஜி பிறந்த வீடு அரசு நினைவில்லமாக இருக்கிறது. 1878 டிசம்பர் 10-இல் பிறந்தவர். சிவாவுக்கு ஆறு வயது மூத்தவர். 1921 கடைசியில் சிறை போய் வேலூரில் மூன்று மாதம் இருந்தார். ஒரே ஜில்லாவில், ஒரே காலத்தில், ஒரே கட்சியில் இருந்த இரண்டு பேர். ஒருவருக்கு வக்கீல் தொழில், நகராட்சித் தலைவர் பதவி, பிறகு கவர்னர் ஜெனரல் மாளிகை. மற்றவருக்கு மேடையும் தெருவும். ஒருவரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்த வேண்டியதில்லை. ஆனால் பாப்பாரப்பட்டியையும் தொரப்பள்ளியையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒன்று உறைக்கும்: விடுதலைப் போராட்டத்துக்கு வந்தவர்களில் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தவர்கள் உண்டு, இல்லாதவர்களும் உண்டு. சிவா இரண்டாவது ரகம்.

கிருஷ்ணகிரி வந்து சேர்ந்தால் ரயில் கதையின் மிச்சம் கிடைக்கும். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-இல் இதேபோல் ஒரு குறுகிய பாதை ஓடியது. அதையும் 1941-இல் மூடினார்கள். மாவட்டத் தலைநகராக 2004-இல் ஆன பிறகும் கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் இல்லை. மொரப்பூர்–தருமபுரிக்கு மட்டும் புதிதாக 36 கிலோமீட்டர் பாதை போட 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். கல் நாட்டுவதோடு காரியம் நின்றுபோகும் வழக்கம் இந்த மாவட்டத்துக்குப் பழையது.

மாம்பழ நேரமாக இருந்தால் சாலையோரம் பெட்டி பெட்டியாகக் கிடைக்கும். காம்புப் பக்கம் முகர்ந்து பார்த்து வாங்குங்கள். மணமே இல்லாமல் மஞ்சளாக இருந்தால் மருந்து போட்டுப் பழுக்கவைத்தது.

ஐந்தாம் நாள்: அரூர், கோபாலபுரம்

மொரப்பூர் வழியாக அரூர். இந்த வட்டாரத்தில் சிவாவின் பெயர் தினம் புழங்கும் இடம் மணிமண்டபம் அல்ல, கோபாலபுரத்துச் சர்க்கரை ஆலை. சுப்பிரமணிய சிவா கூட்டுறவு சர்க்கரை ஆலை என்பது முழுப்பெயர். கரும்பு போட்டவர்கள் "சிவா மில்" என்றால் போதும், புரிந்துவிடும். எடைச் சீட்டு, வெட்டு உத்தரவு, பாக்கித் தொகை எல்லாம் அந்தப் பெயரில்தான்.

தலைவர்களின் பெயரை ஆலைக்கு வைப்பது சடங்கு என்று ஒதுக்கிவிட முடியும். ஆனால் கோரல் மில் கூலிக்காரர்களுக்காகப் பேசி உள்ளே போனவரின் பெயர் விவசாயிகள் பங்குதாரர்களாக இருக்கும் ஒரு கூட்டுறவு ஆலைக்கு அமைந்தது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. சிலையைவிட இது மேல். கரும்புப் பணம் தாமதமானால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் சண்டையும் போடுவார்கள். அதில் அவருக்கு ஆட்சேபணை இருந்திருக்காது.

பார்க்கப் போவதாக இருந்தால் அரவை நடக்கும் மாதங்களில் போங்கள். பொதுவாகக் கார்த்திகை, மார்கழிக்குப் பிறகு தொடங்கும். மற்ற நேரத்தில் பூட்டிய கேட்டைத்தான் பார்க்கலாம். வெட்டிய கரும்பை ஒரு நாளுக்குள் அரைத்துவிட வேண்டும். கிடக்கக் கிடக்கச் சாற்றிலுள்ள சர்க்கரை சிதைந்து எடையும் சத்தும் குறையும். அதனால் ராத்திரியிலும் டிராக்டரும் லாரியும் வரிசையில் நிற்கும். டூவீலரில் வருபவர்கள் இருட்டில் இந்தச் சாலையைத் தவிருங்கள். டிரெய்லருக்குப் பின்னால் விளக்கு இருக்காது, கழி நீட்டிக்கொண்டிருக்கும்.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்குத் தேதி பற்றி ஒரு வார்த்தை. ஜூலை 23 நினைவு நாளிலும் அக்டோபர் 4 பிறந்த நாளிலும் பாப்பாரப்பட்டியில் மாலை போட அதிகாரிகளும் கட்சிக்காரர்களும் வருவார்கள். மண்டபம் கட்டாயம் திறந்திருக்கும், ஆனால் நின்று படிக்க இடம் கிடைக்காது. மதியம் இரண்டு மணிக்கு மேல் போனால் கூட்டம் கலைந்திருக்கும், கதவும் திறந்தே இருக்கும். அரூரிலிருந்து தருமபுரிக்குக் கடைசி பஸ் எப்போது என்பதை ஆலைக்குக் கிளம்பும் முன்பே நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.